பாலைப் புதர்களை ஹெர்பேரியத்தில் சேர்ப்பது எப்படி: பெர்மிட் முதல் லேபிள் வரை

கிரியோசோட் புதரின் ஒரு கிளையை வெட்டிச் செய்தித்தாளில் வைத்துக் காயவைக்க எனக்கு மூன்று நாள் போதுமாக இருந்தது. அதே கிளை ஒரு ஹெர்பேரியத்தின், அதாவது காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேமித்துவைக்கும் காப்பகத்தின், அலமாரிக்குள் போய்ச் சேர ஒன்றேகால் வருடம் ஆயிற்று. நடுவில் நடந்ததெல்லாம் காகித வேலைதான். அதில் பாதி நானே இழுத்துவிட்டுக்கொண்டது.

கலிஃபோர்னியா, அரிசோனா, நெவாடா பக்கம் இருக்கும் தமிழர்களில் வார இறுதியில் மொஹாவி, சொனோரன் பாலைகளில் சுற்றுகிறவர்கள் நிறையப் பேர். செடிகளில் ஆர்வம் உள்ளவர்களும் உண்டு. 'ஒரு மாதிரியை முறையாகச் சேகரித்து ஹெர்பேரியத்துக்குக் கொடுத்தால் என்ன?' என்று தோன்றினால் இதைப் படியுங்கள். நீங்கள் தாவரவியல் படித்தவராக இருக்க வேண்டியதில்லை, நானும் படித்ததில்லை.

1. கிளம்பும் முன் பழைய பதிவுகளைப் பாருங்கள்

வெட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, அந்த இடத்திலிருந்து அந்தச் செடி ஏற்கெனவே சேகரிக்கப்பட்டிருக்கிறதா என்பது. தென்மேற்கு மாநிலங்களுக்கு 'சைனெட்' என்ற இணைய வாயில் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஹெர்பேரியங்களுக்குத் தனியாக 'சிசிஎச்2' உண்டு. உலகம் முழுவதுக்கும் 'ஜிபிஃப்'. மூன்றும் இலவசம். செடியின் பெயரையும் கவுன்டியையும் கொடுத்துத் தேடினால் யார், எங்கே, எப்போது சேகரித்தார்கள் என்பது வரும். பல பதிவுகளுக்குத் தாளின் படமும் இருக்கும்.

இங்கே நான் சறுக்கிய இடங்கள்:

பெயர் மாறியிருக்கும். மணற்பாங்கான ஓடைகளில் மண்டிக் கிடக்கும் 'சீஸ்புஷ்' இன்று ஆம்ப்ரோசியா சல்சோலா. பழைய தாள்களில் அது ஹைமினோக்ளியா சல்சோலா. பூனை நகம் போல முள்ளிருக்கும் 'கேட்க்ளா' முன்பு அக்கேசியா கிரெகியை, இப்போது செனிகாலியா கிரெகியை. பழைய பெயரையும் சேர்த்துத் தேடச் சொல்லும் கட்டத்தை டிக் செய்யாவிட்டால், இல்லாத வெற்றிடம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்ந்துபோவீர்கள்.

ஒரே செடி பல பதிவாக வரும். ஒரே புதரிலிருந்து நான்கு கிளை வெட்டி நான்கு ஹெர்பேரியங்களுக்கு அனுப்புவது வழக்கம். சேகரித்தவர் பெயர், அவர் கொடுத்த எண், தேதி மூன்றும் ஒன்றானால் அது ஒரே சேகரிப்பு.

ஜிபிஃபில் கைபேசியில் எடுத்த படப் பதிவுகளும் கலந்திருக்கும். 'பாதுகாக்கப்பட்ட மாதிரி' என்ற வடிகட்டியைப் போட்டால்தான் ஹெர்பேரியம் தாள்கள் மட்டும் நிற்கும்.

இன்னொன்று, வரைபடத்தில் தெரியும் புள்ளியை நம்பி வண்டியை விடாதீர்கள். 1930களில் சேகரித்தவர் 'பார்ஸ்டோவுக்கு 10 மைல் கிழக்கே' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். புள்ளியை வைத்தது பிற்பாடு கணினி முன் உட்கார்ந்த ஒருவர். பக்கத்திலேயே பிழை எல்லை எத்தனை மீட்டர் என்று இருக்கும், அதைப் பாருங்கள். அரிய செடிகளுக்கு இடத்தை வேண்டுமென்றே மறைத்திருப்பார்கள்.

2. நிலம் யாருடையது?

'பொது நிலம்' என்றதும் பொதுமக்கள் நிலம், யார் வேண்டுமானாலும் வெட்டலாம் என்று நினைத்துவிட வேண்டாம். மேற்கத்திய பாலைகளில் பெரும்பகுதி மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகத்திடம் இருக்கிறது. எல்லோரும் சொல்வது பிஎல்எம். நாடு முழுக்க ஏறக்குறைய 24.5 கோடி ஏக்கர் அவர்கள் கையில். ஆனால் அதே பாலைக்குள் தேசியப் பூங்கா, வனத்துறை, ராணுவம், மாநில அரசு, பழங்குடி நாடுகள், தனியார் என்று எல்லோருக்கும் துண்டு துண்டாக நிலம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனி அனுமதி.

பிஎல்எம் வரைபடத்தில் நிறங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மஞ்சள் பிஎல்எம், பச்சை வனத்துறை, ஊதா தேசியப் பூங்காத் துறை, இளநீலம் மாநிலம், ஆரஞ்சு பழங்குடி நிலம், வெள்ளை தனியார். மொஹாவியில் ரயில் பாதைப் பக்கம் போனால் மஞ்சளும் வெள்ளையும் சதுரங்கப் பலகை மாதிரி மாறி மாறி வரும். ரயில் கம்பெனிகளுக்கு ஒன்று விட்டு ஒன்றாக நிலம் கொடுத்த காலத்து மிச்சம் அது. ஒரு கட்டம் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். வேலியோ பலகையோ எதுவும் இருக்காது. பாதையில் இருபது நிமிடம் நடந்தால் அடுத்தவர் நிலத்தில் நிற்பீர்கள். நில எல்லை காட்டும் செயலி ஒன்றைக் கைபேசியில் வைத்து, அந்தப் பகுதியின் வரைபடத்தை முன்னதாகவே இறக்கிக்கொள்ளுங்கள். உள்ளே சிக்னல் கிடைக்காது.

பெயர்க் குழப்பம் வேறு. மொஹாவி நேஷனல் பிரிசர்வ் தேசியப் பூங்காத் துறையுடையது. அதை ஒட்டியே இருக்கும் மொஹாவி டிரெயில்ஸ் நேஷனல் மான்யுமென்ட் பிஎல்எம்முடையது. நான் இரண்டும் ஒன்று என்றே முதல் ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். அரிசோனாவில் மாநில டிரஸ்ட் நிலம் என்பது சட்டப்படி பொது நிலமே அல்ல. சும்மா நடப்பதற்கே பெர்மிட் வாங்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் யோசனை: முதல் வருடம் மஞ்சளோடு நில்லுங்கள். தேசியப் பூங்காக்களில் ஆராய்ச்சி அனுமதிக்குத் தனி இணைய முறை இருக்கிறது. அங்கே எடுத்த மாதிரி எந்த ஹெர்பேரியத்தில் இருந்தாலும் மத்திய அரசின் சொத்தாகவே இருக்கும், பூங்காவின் பதிவெண்ணும் தாளில் ஏற வேண்டும். முதல் முயற்சிக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

3. முதலில் ஹெர்பேரியம், அப்புறம் பெர்மிட்

நான் தலைகீழாகச் செய்தேன். பெர்மிட் கேட்டுப் போனபோது 'மாதிரியை எங்கே வைப்பீர்கள்?' என்றார்கள். ஹெர்பேரியத்திடம் போனபோது 'பெர்மிட் எங்கே?' என்றார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்று ஒரு பூக்காலம் போயிற்று.

சரியான வரிசை இது. உங்கள் பகுதியை வழக்கமாகக் கவனிக்கும் ஹெர்பேரியம் எது என்று பாருங்கள். கலிஃபோர்னியப் பாலைகளுக்கு ரிவர்சைட் பல்கலைக்கழகமும் கிளேர்மான்ட்டில் உள்ள கலிஃபோர்னியா பொட்டானிக் கார்டனும், அரிசோனாவுக்கு டூசானில் அரிசோனா பல்கலைக்கழகம், டெம்பியில் அரிசோனா ஸ்டேட், ஃபீனிக்ஸில் டெசர்ட் பொட்டானிக்கல் கார்டன், நெவாடாவுக்கு லாஸ் வேகஸ் பல்கலைக்கழகம். பொறுப்பாளருக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் போதும்: நான் யார், எந்தப் பகுதி, ஏறக்குறைய எத்தனை மாதிரி, முறையான பெர்மிட்டோடு தந்தால் ஏற்றுக்கொள்வீர்களா. 'ஏற்கிறோம்' என்ற பதிலை பிடிஎஃபாகச் சேமித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தின் உயிரே அதுதான்.

பிறகு அந்த நிலத்தைக் கவனிக்கும் பிஎல்எம் கள அலுவலகத்தை அணுகுங்கள். தலைமையகத்துக்கு எழுதினால் சுற்றிச் சுற்றி அங்கேதான் அனுப்புவார்கள். தாவரவியலாளர் யார் என்று விசாரித்து அவரிடமே பேசுங்கள். கையில் வைத்திருக்க வேண்டியவை: நோக்கம் பற்றி ஒரு பக்கம், இடங்களைக் குறித்த வரைபடம், செடிகளின் பட்டியல், ஒவ்வொன்றிலும் எத்தனை மாதிரி, எத்தனை நகல் (அதே புதரிலிருந்து மற்ற ஹெர்பேரியங்களுக்கு வெட்டும் கிளைகள்), எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, உடன் வருகிறவர்களின் பெயர்கள், ஹெர்பேரியத்தின் கடிதம். உடன் வருகிறவர்களை மறந்துவிடாதீர்கள். பெர்மிட்டில் பெயர் இல்லாத நண்பர் தண்ணீர் சுமக்கலாம், கத்தரியைத் தொடக் கூடாது.

வீட்டு உபயோகத்துக்குக் கொஞ்சம் பூவோ விதையோ எடுக்க விடுகிறார்களே, இதற்கு எதற்குப் பெர்மிட் என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சலுகை ஹெர்பேரியத்தில் செல்லாது. அனுமதிச் சான்று இல்லாத மாதிரியை நல்ல ஹெர்பேரியம் எதுவும் வாங்காது.

மாநிலச் சட்டம் தனி. கலிஃபோர்னியாவின் பாலைத் தாவரச் சட்டம் இம்பீரியல், இன்யோ, கெர்ன், லாஸ் ஏஞ்சலஸ், மோனோ, ரிவர்சைட், சான் பெர்னார்டினோ, சான் டியேகோ ஆகிய கவுன்டிகளுக்குப் பொருந்தும். அரிசோனாவில் பாதுகாக்கப்பட்ட நாட்டுத் தாவரங்களின் பட்டியலை மாநில வேளாண் துறை வைத்திருக்கிறது. உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு செடியையும் இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜோஷுவா மரத்தின் பக்கமே போகாதீர்கள், மேற்கத்திய ஜோஷுவா மரத்துக்கு 2023இல் கலிஃபோர்னியா தனிச் சட்டமே போட்டுவிட்டது.

நேரம்தான் பெரிய விஷயம். வசந்தத்தில் போக வேண்டுமானால் முந்தைய அக்டோபருக்குள் விண்ணப்பியுங்கள். நான் பிப்ரவரியில் அனுப்பினேன், மே கடைசியில் பெர்மிட் வந்தது. அப்போது வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிட்டது, பூக்கள் எப்போதோ உதிர்ந்துவிட்டன.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவருக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு, அதுவும் சட்டப்படி. கலிஃபோர்னியா, அரிசோனா நாட்டுத் தாவரச் சங்கங்களின் உள்ளூர்க் கிளைகளில் சேருங்கள். பெர்மிட் வைத்திருக்கும் ஒருவர் தன் பெர்மிட்டில் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொண்டால் ஒரு வருடம் அவரோடு சுற்றிக் கற்றுக்கொள்ளலாம். இதை எனக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

4. எந்த மாதம்?

பூவோ காயோ இல்லாத கிளை பெரும்பாலும் வெறும் விறகு. மொஹாவியில் குளிர்கால மழைக்குப் பின் மார்ச் முதல் மே வரை நல்ல காலம். சொனோரனில் ஜூலை முதல் செப்டம்பர் வரை கோடை மழை பெய்வதால் இரண்டாம் வாய்ப்பும் உண்டு. உப்புப் புதர்களுக்கு, அதாவது ஏட்ரிப்ளெக்ஸ் வகைகளுக்கு, காய் கட்டாயம். நான்கு இறக்கை வைத்த காய் இருந்தால்தான் ஏட்ரிப்ளெக்ஸ் கேனஸென்ஸ் என்று தைரியமாகச் சொல்ல முடியும். அதற்கு இலையுதிர்காலம்வரை பொறுக்க வேண்டும்.

ஹொஹோபா, எஃபீட்ரா, ஏட்ரிப்ளெக்ஸில் பல வகைகள் ஆகியவற்றில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இரண்டையும் தேடி எடுங்கள். எது ஆண், எது பெண் என்று அங்கேயே எழுதுங்கள்.

5. வெட்டுவதும் அழுத்துவதும்

வெட்டும் முன் எண்ணுங்கள். இருபது செடி கண்ணில் பட்டால் ஒன்றில் கை வைக்கலாம் என்பது களத்தில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு. புதரை வேரோடு பிடுங்க வேண்டியதே இல்லை, பூவும் காயும் உள்ள ஒரு கிளை போதும். ஹெர்பேரியம் தாள் ஏறக்குறைய 29க்கு 42 சென்டிமீட்டர், அதற்குள் அடங்கும் அளவுக்கு வெட்டுங்கள். தாளில் தெரியாததை, அதாவது புதரின் உயரம், அகலம், பட்டையின் நிறம், மணம் ஆகியவற்றை, நோட்டில் எழுதிவிட்டு முழுப் புதரையும் படம் எடுங்கள்.

அழுத்தும் பிரஸ்ஸை வீட்டிலேயே செய்யலாம். இரண்டு பிளைவுட் பலகை, நெளி அட்டைகள், செய்தித்தாள், இறுக்க இரண்டு பெல்ட். எனக்கு 30 டாலருக்குள் முடிந்தது, கடையில் வாங்கினால் இரண்டு மூன்று மடங்கு ஆகும். நல்ல கத்தரியும் தோல் கையுறையும் ஒரு 40 டாலர். கையுறையில் மிச்சம் பிடித்தால் கேட்க்ளா உங்களுக்குப் பாடம் நடத்தும். லேபிளுக்கான அமிலமற்ற தாள் 25 டாலர் பக்கம். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு பெட்ரோல்தான். நான்கு பயணத்தில் மற்ற எல்லாச் செலவையும் அது விழுங்கிவிட்டது.

கிரியோசோட் இலையில் பிசின் உண்டு, காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் மாலையே தாளை மாற்றுங்கள். எஃபீட்ரா காய்ந்தால் கணுக்கணுவாகக் கழன்று விழும், லைசியம் என்ற முட்புதர் இலையை உதிர்க்கும். விழுந்ததைத் தூக்கி எறியாமல் மடித்த காகித உறையில் போட்டு அதே தாளோடு வையுங்கள். தடித்த தண்டை நீளவாக்கில் பிளந்து பாதியை வையுங்கள். முட்செடியை ஒரு பலகைக்கு அடியில் வைத்து, மேலே ஏறி நின்று தட்டையாக்கிவிட்டுப் பிரஸ்ஸில் போடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துத் தாள்களைக் கிழித்துவிடும். கள்ளி வகைகள் இந்த முறைக்கு அடங்காது, அதை அனுபவம் உள்ளவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

பாலைக் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். நிழலில், காற்றோட்டமாக வைத்தால் மூன்று நாளில் காயும். பூட்டிய காருக்குள் வைக்காதீர்கள், என் முதல் கட்டு முழுவதும் பழுப்பாகிப் போனது அப்படித்தான்.

காரைப் பற்றிச் சொல்லும்போதே இன்னொன்று: கிளப்பும் முன் குனிந்து சக்கரத்துக்கு அடியில் பாருங்கள். பாலை ஆமைகள் நிழலுக்கு அங்கே வந்து படுக்கும். பாதுகாக்கப்பட்ட இனம் அது. ஏற்கெனவே உள்ள பாதையை விட்டு வண்டியை இறக்கவும் வேண்டாம்.

6. லேபிள்

மற்ற எல்லாவற்றையும் சுமாராகச் செய்தாலும் இதைச் சரியாகச் செய்யுங்கள். லேபிள் சரியில்லாத மாதிரி காய்ந்த சருகுதான்.

எழுத வேண்டியவை: செடியின் பெயர், மாநிலம், கவுன்டி, இட விவரம், அட்சரேகை, தீர்க்கரேகை, டேட்டம் (அந்த எண்கள் எந்த நில அளவை அடிப்படையில் அமைந்தவை என்பது), பிழை எல்லை, கடல்மட்டத்திலிருந்து உயரம், வாழிடம், கூட வளரும் செடிகள், புதரின் தோற்றம், பூவின் நிறம், அங்கே அது அதிகமா அரிதா, சேகரித்தவர் பெயர், எண், தேதி, பெர்மிட் எண். பூவின் நிறத்தைக் களத்திலேயே எழுதுங்கள், காய்ந்தபின் எல்லாம் ஒரே நிறம்.

இட விவரத்தை ஆயங்களிடம் மட்டும் விடாதீர்கள். 'இன்ன சாலைச் சந்திப்பிலிருந்து 3.2 மைல் வடமேற்கே, ஓடையின் கிழக்குக் கரை' என்று, ஜிபிஎஸ் இல்லாமலேயே ஒருவர் போய்ச் சேரும்படி எழுதுங்கள். காரணம், எண்கள் சுலபமாகத் தப்பாகும். நான் ரிவர்சைட் கவுன்டியின் கிழக்கில் ஹொஹோபா எடுத்தேன். அட்சரேகை 33 சொச்சம், தீர்க்கரேகை மைனஸ் 115 சொச்சம். எக்செல்லில் ஏற்றும்போது அந்த மைனஸ் விழுந்துவிட்டது. 'உங்கள் புதர் சீனாவில் முளைத்திருக்கிறது' என்று ஹெர்பேரியத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. சாலைச் சந்திப்பு என்று எழுதியிருந்த அந்த ஒரு வரிதான் காப்பாற்றியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஹொஹோபாவின் அறிவியல் பெயரே சிமாண்ட்சியா சைனென்சிஸ். சீனாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. லேபிளில் சுருக்கமாக எழுதியிருந்த 'கேலிஃப்' என்பதை 'சைனா' என்று யாரோ படித்துவிட்டதால் வந்த பெயர் என்பார்கள். பெயரிடும் விதிப்படி முதலில் வைத்த அடைமொழியை மாற்ற முடியாது, அப்படியே நின்றுவிட்டது. கவுன்டி, மாநிலப் பெயர்களைச் சுருக்காமல் எழுதுங்கள்.

நம்மவர்களுக்கென்றே இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று தேதி. 3/4/2023 என்று நாம் எழுதினால் ஏப்ரல் 3, அமெரிக்கர் படித்தால் மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் தீர்ந்தது. இரண்டு, பெயர். அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா, பாஸ்போர்ட்டில் உள்ளபடியா? எப்படியாவது இருக்கட்டும், ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே கடைசிவரை எழுதுங்கள். முதல் வருடம் நான் மூன்று விதமாக எழுதியதில் தரவுத்தளத்தில் மூன்று ஆளாகிவிட்டேன்.

சேகரிப்பு எண் 1இல் தொடங்கி ஆயுளுக்கும் ஒரே வரிசை. வருடா வருடம் மறுபடி 1இலிருந்து தொடங்கக் கூடாது. அதே எண்ணைச் செய்தித்தாளின் ஓரத்திலும் நோட்டிலும் படத்தின் பெயரிலும் எழுதுங்கள். உயரத்தை எழுதும்போது அடியா மீட்டரா என்று குறிப்பிடுங்கள். 900 மீட்டரில் உள்ள புதரை 900 அடியில் உள்ளதாக ஏற்றினால் யாருக்கும் சந்தேகமே வராது, அதுதான் ஆபத்து.

7. ஒப்படைப்பு

தாளில் நீங்களே ஒட்டாதீர்கள். செய்தித்தாளுக்குள் இருக்கும்படியே, லேபிளை உள்ளே செருகி, பிளாஸ்டிக் பையில் கட்டி, பூச்சி போவதற்காக மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் உறையவையுங்கள். வீட்டு ஃப்ரீசர் அந்தக் குளிருக்குப் போகாவிட்டால் ஹெர்பேரியத்தில் செய்துகொள்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பிரித்தால் தாள் நனையாது.

மாதிரிகளோடு பெர்மிட்டின் நகலும், லேபிள் விவரம் முழுவதும் அடங்கிய எக்செல் கோப்பும் கொடுங்கள். முடிந்தால் நேரில் கொண்டுபோங்கள். தபாலில் அனுப்பினால் இரண்டு விறைப்பான அட்டைகளுக்கு நடுவில் இறுக்கிக் கட்டுங்கள், அசைந்தால் உதிர்ந்துவிடும்.

அவர்கள் சரிபார்த்து, ஒட்டி, படம் எடுத்து, சைனெட்டில் ஏற்றச் சில மாதமும் ஆகலாம், சில வருடமும் ஆகலாம். பின்வரிசை நீளம், வேலை ஆட்கள் குறைவு. மாதம் ஒரு முறை கேட்டு நச்சரிக்க வேண்டாம்.

நீங்கள் ஆறப்போட முடியாத ஒன்று, பெர்மிட்டில் கேட்டிருக்கும் ஆண்டறிக்கை. எத்தனை எடுத்தீர்கள், எங்கே, எந்த ஹெர்பேரியத்தில் ஒப்படைத்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். ஒன்றுமே எடுக்காத வருடமானாலும் 'எடுக்கவில்லை' என்று எழுதி அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் அடுத்த விண்ணப்பம் நகராது. கடைசித் தேதியைப் பெர்மிட் வந்த அன்றே காலண்டரில் குறித்துவையுங்கள்.